ஒளிக்கும் மின்னுக்கும் ஒரே வாயில்

கண்ணாடி ஒளியைச் செல்லவிடும், மின்னைச் செல்லவிடாது. செம்பு மின்னைச் செல்லவிடும், ஒளியைச் செல்லவிடாது. இவ்விரு பண்பும் ஒரு பொருளிடத்தே கூடுதல் அரிது. ஆயினும், நம் கையிலுள்ள தொலைபேசியின் முகப்பில் அவை கூடியிருக்கின்றன. விரல் தொட்ட இடத்தை உணர்தற்கு, இந்தியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒட்சைட்டுப் படலம் அங்கே பயன்படுகின்றது. அதில் மின்னைச் சுமந்து செல்வன மறையேற்றமுடைய இலத்திரன்கள். ஆகவே அது மறைவகைக் குறைகடத்தி எனப்படும்.

ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? மின்னை ஒரு திசையில் மட்டும் விடுகின்ற இருவாயியை அமைப்பதற்கு மறைவகையோடு நேர்வகையும் வேண்டும். ஒளிபுகும் நேர்வகைப் பொருளோ எளிதிற் கிடைப்பதன்று. அந்தக் குறையை நீக்க முன்வந்தவற்றுள் ஒன்றே நிக்கல் ஒட்சைட்டு.

நேர்வகை என்பது யாது? ஒரு வாங்கில் ஐந்து மாணவர் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர் எனக் கொள்வோம். முதல்வன் எழுந்து போனால் அவனிடத்துக்கு அடுத்தவன் நகர்வான். அவனிடத்துக்கு மற்றவன் நகர்வான். மாணவர் ஒரு பக்கம் நகர, வெற்றிடம் மறுபக்கம் செல்லும். இலத்திரன் இல்லாத அத்தகைய வெற்றிடமே துளை. அது நேரேற்றம்போல நடந்துகொள்கின்றது.

தூய நிக்கல் ஒட்சைட்டில் இத்துளைகள் இல்லை. ஆதலின் அது மின்னைக் கடத்தாது. அதன் சத்தி இடைவெளி ஏறத்தாழ 3.7 இலத்திரன்வோற்று. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் சத்தி 3.1 இற்கு மேற்படாமையால், மெல்லிய படலத்தினூடே ஒளியின் பெரும்பகுதி தடையின்றிச் செல்கின்றது. நிக்கல் அயனின் ஏற்றம் இரண்டு. இலிதியம் அயனின் ஏற்றம் ஒன்று. நிக்கலின் இடத்தில் இலிதியம் அமர்ந்தால், ஏற்றக் கணக்கைச் சரிசெய்யத் துளையொன்று தோன்றும். ஒல்லாந்து நாட்டு வெர்வேயும் அவர்தம் குழுவினரும் 1950 ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கினர்.

அவ்வாறாயின், இலிதியத்தை மேலும் மேலும் சேர்த்தால் என்ன? அங்கேதான் இடர்ப்பாடு. துளைகள் பெருகப் பெருக மின்கடத்தல் உயரும். ஆனால் படலம் கருமையுறும். 1993 இல் யப்பானிய ஆய்வாளர் சாட்டோவும் துணைவரும், மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு தடிப்புள்ள நிக்கல் ஒட்சைட்டுப் படலத்தைச் செய்தனர். அதனூடே சென்ற ஒளி நூற்றுக்கு 40 அளவே. அதன் மின்கடத்தலோ, இந்தியப் படலத்தினதிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவு. நிக்கலையும் ஒட்சிசனையும் பற்றிநிற்கும் துளைகள் விரைந்து நகராமையே இதற்குக் காரணம்.

எனின், இம்முயற்சி வீணா? அன்று. நெடுந்தெருவாக உதவாதது வாயிலாக உதவலாம். பெரோவ்ஸ்கைற் எனப்படும் புதுவகைச் சூரியக் கலங்களில், இப்படலம் துளைகளைத் தன் தடிப்பினூடே மட்டும் கடத்தினாற் போதும். இலத்திரன்களைத் தடுத்து நிறுத்துதலும் அதன் பணி. அத்துணைக் குறுகிய வழிக்கு அதன் சிறிய கடத்தல் போதுமானது. படலம் மிக மெல்லியதாதலின் ஒளியும் தடைப்படாது.

ஒரு பொருளின் குறையை அறிந்து, அக்குறை தடையாகாத இடத்தில் அதனை அமர்த்துதலும் அறிவியலின் வெற்றியே. மாணவரை மதிப்பிடும் நாமும் இதனை மறத்தலாகாது.