தாங்குகிற உடம்பு



மேடை ஏறினால் உள்ளங்கை வியர்க்கும். காலமெல்லாம் விலங்கியல் வகுப்பெடுத்த எனக்கே இப்போது வியர்க்கிறது. மைக்கைப் பிடித்ததும் மூளையின் அடியிலிருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. அது பிட்யூட்டரியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரி அனுப்பும் சேதி, சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. வேண்டிய அளவு கலந்ததும் அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் ஓட்டத்தை நிறுத்துகிறது. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதே, அதே ஏற்பாடுதான்.

இந்தப் பயத்தை அளக்க ஒரு சோதனை உண்டு. 1993-ல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்கே, ஹெல்ஹாமர் என்ற மூவர் வகுத்தது. வேலைக்கு நேர்காணல் என்று சொல்லி ஒருவரை நிற்க வைப்பார்கள். எதிரே ஒரு குழு உட்கார்ந்திருக்கும். அவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், தலையாட்டவும் மாட்டார்கள். ஐந்து நிமிடம் பேச வேண்டும். முடிந்ததும் ஒரு மனக்கணக்கு: 1022-லிருந்து 13 கழி, வந்ததிலிருந்து இன்னும் 13 கழி. எங்கே, நீங்களும் சொல்லுங்கள். 1009. 996. 983. பின்வரிசையில் சத்தம் குறைந்துவிட்டது பாருங்கள்! அங்கே ஒரு தப்பு விட்டால், "தவறு, மறுபடியும் 1022-லிருந்து" என்பார்கள். பிறகு உமிழ்நீரை எடுத்துச் சோதித்தால் கார்ட்டிசால் இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை ஏறியிருக்கும்.

குடியைப் பற்றிப் பேசுகிறேன் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு சுரப்பிப் பாடம் நடத்துகிறாரே என்று நினைக்காதீர்கள். குடிப்பழக்கத்தைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அறிவியல் கண்டறிந்த சில முக்கியமான செய்திகள் இந்தச் சுரப்பிகளின் வழியாகத்தான் வந்தன.

நம் தெருவில் ஒரு தீர்ப்பு உண்டு. "அப்பன் குடிகாரன், புள்ள மட்டும் எப்படி இருப்பான்?" பெண் கொடுக்கும்போது சொல்வோம், கடன் கொடுக்கும்போது சொல்வோம். இதில் எவ்வளவு உண்மை? அப்பனைப் பார்த்துப் பிள்ளை கெட்டானா, ரத்தத்திலேயே வந்ததா? ஒரே வீட்டில் வளர்ந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவரின் குழு டென்மார்க்கில் அதைப் பிரித்துப் பார்த்தது. குடிநோயாளியின் மகனாகப் பிறந்து, பிறந்த ஆறு வாரத்துக்குள் தத்துப் போனவர்கள் 55 பேரை எடுத்துக்கொண்டார்கள். பெற்றவரின் குடியைக் கண்ணால் பார்த்தே வளராதவர்கள் இவர்கள். ஒப்பிடுவதற்கு, குடிநோய் இல்லாதவருக்குப் பிறந்து தத்துப் போனவர்கள் 78 பேர். 1973-ல் முடிவு வெளிவந்தது. முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 18 பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள், இரண்டாவதில் நூற்றுக்கு 5 பேர்.

ஆகவே ரத்தத்தில் ஏதோ வருகிறது. மறுக்க வேண்டாம். ஆனால் அதே கணக்கை மறுபக்கமாகப் படியுங்கள்: நூற்றுக்கு 82 பேர் ஆகவில்லை! தெருவின் தீர்ப்பு பத்துக்கு எட்டு முறை பொய். பின்னால் வந்த இரட்டையர் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், குடிநோய்க்கான ஆபத்தில் ஏறக்குறைய பாதி மரபுவழி என்கிறார்கள். "குடி ஜீன்" என்று ஒற்றை ஜீன் கிடையாது. சிறிது சிறிதாகப் பல ஜீன்கள் சேர்ந்து செய்யும் வேலை இது.

சரி, வருவது என்ன? பாட்டிலைப் பார்த்ததும் கை நீளுகிற ஆசையா? இங்கேதான் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போக வேண்டும். மார்க் ஷுக்கிட் என்ற மருத்துவர் 1978-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இருபது வயதை ஒட்டிய இளைஞர்களைச் சேர்த்தார். பாதிப்பேர் குடிநோயாளிகளின் மகன்கள், பாதிப்பேர் அப்படியில்லாதவர்கள். அப்போது அவர்களில் எவரும் குடிநோயாளி இல்லை. எடைக்கேற்ப அளந்து மது கொடுத்தார். பிறகு மூன்று காரியம் பார்த்தார். எவ்வளவு போதை தெரிகிறது என்று அவர்களையே கேட்டார். நிற்க வைத்து உடம்பு எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளந்தார். ரத்தம் எடுத்துக் கார்ட்டிசாலையும் இன்னும் சில ஹார்மோன்களையும் பார்த்தார்.

குடிநோயாளியின் மகன் சீக்கிரம் விழுவான் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது நேர்மாறு. ரத்தத்தில் மதுவின் அளவு இரண்டு கூட்டத்திலும் ஒன்றேதான். ஆனால் குடிநோயாளிகளின் மகன்கள் பலருக்குப் போதை குறைவாகத் தெரிந்தது. தள்ளாட்டமும் குறைவு. மதுவுக்குப் பிந்தைய கார்ட்டிசாலும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. மது உள்ளே போயிருக்கிறது, உடம்பு அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஏறக்குறைய பத்தாண்டு கழித்து அதே இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். 1994-ல் எழுதினார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்று போதை குறைவாகத் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குடிநோயாளி ஆகிவிட்டார்கள். அன்றே நன்றாகத் தள்ளாடியவர்களில் நூற்றுக்கு 14 பேர்தான்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். முந்தின இரவு, வேன் நிற்கிற இடம். பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய். ஒருவன் அரைக் குவார்ட்டரில் வாந்தி எடுத்துப் படுத்துவிடுகிறான். அவனைக் கேலி செய்கிறோம். இன்னொருவன் முழு பாட்டிலை முடித்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறான். "மாப்ள கெப்பாசிட்டியே வேற" என்று தட்டிக் கொடுத்து, வேன் சாவியையும் அவன் கையிலேயே கொடுக்கிறோம். அட, வாந்தி எடுத்தவனுக்கு உடம்பே காவல் நிற்கிறது ஐயா! நிமிர்ந்து நிற்கிறவன்தான் ஆபத்தில் இருக்கிறான். எப்போது போதும் என்று அவனுக்குச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. நண்பர்களோடு சமமாகப் போதை ஏற அவன் ஒன்றுக்கு இரண்டாகக் குடிக்க வேண்டியிருக்கிறது. அவனைத்தான் வீரன் என்கிறோம்.

பிறகு எதற்காகக் குடிக்கிறான்? சுகம் இருக்கிறதே. மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா ஜியானுலாகிஸ் குழு, குடிநோய் பரவலாக உள்ள குடும்பத்தவருக்கு மது உள்ளே போனதும் எண்டார்ஃபின் என்னும் சுகம் தரும் சுரப்பு மற்றவர்களைவிட அதிகமாக ஏறுவதைக் கண்டது. 1990-ல் நியூலின், தாம்சன் என்ற இருவர் போதை குறைவு, சுகம் அதிகம் என்ற இந்த முரணுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: ரத்தத்தில் மது ஏறும்போது இன்பம் கூடுதல், இறங்கும்போது அசதி குறைவு. வரவு பெரியது, செலவு சின்னது. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. எல்லா ஆய்வாளரும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மது இல்லாமல், வெறும் பதற்றத்துக்குக் குடிநோய்க் குடும்பத்தவரின் உடம்பு என்ன செய்கிறது? இதற்கும் மேடைப் பேச்சும் மனக்கணக்கும்தான் சோதனை. இங்கே அறிவியல் நம்மைச் சற்றுக் குழப்புகிறது. 2006-ல் பால்டிமோரில் கேரி வாண்ட் குழு, குடிநோய்க் குடும்பத்து இளைஞர்களுக்குக் கார்ட்டிசால் மற்றவர்களைவிட அதிகம் ஏறுகிறது என்றது. அதே ஆண்டு ஓக்லஹோமாவில் வில்லியம் லோவல்லோ குழு, குறைவாக ஏறுகிறது என்றது. இரண்டும் நல்ல ஆய்வுக்கூடங்கள். லோவல்லோ குழு தொடர்ந்து தோண்டியபோது இன்னொன்று வெளிப்பட்டது. சிறுவயதில் அடியும் அச்சமும் பிரிவும் கண்டவர்களுக்கு, குடும்பத்தில் குடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தக் கார்ட்டிசால் ஓட்டம் மங்கிப்போகிறது. குடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஜீனும் வருகிறது, ராத்திரிச் சண்டையும் வருகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குவதுபோல் நடிக்கிற குழந்தையின் அட்ரினல் சுரப்பியும் அந்த வீட்டில்தான் வளர்கிறது.

ஜீனை நாம் மாற்ற முடியாது. அந்த ராத்திரியை மாற்றலாம்.

தாய்மார்களே, இந்த ஆய்வுகள் முதலில் மகன்களை மட்டுமே பார்த்தன. மகள்களைப் பற்றி குட்வின் குழு 1977-ல்தான் எழுதியது. மகள் குடிப்பதே தனி அவமானம் என்று நினைக்கும் சமூகத்தில் அவள் கேட்க வேண்டிய உதவியைக் கேட்கவே மாட்டாள். அதையும் மனதில் வையுங்கள்.

"டென்ஷன்ல குடிக்கிறேன் சார்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மதுவே கார்ட்டிசாலை ஏற்றும். வருடக்கணக்கில் குடித்தால் அந்தத் தொட்டி மோட்டார் பழுதாகிவிடும். குடியை விட்ட பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும். யேல் பல்கலைக்கழகத்தில் ரஜிதா சின்ஹா, பதற்றத்துக்கான ஹார்மோன் ஓட்டம் குலைந்திருப்பவர்களே சிகிச்சைக்குப் பிறகு மறுபடி சீக்கிரம் குடிக்கிறார்கள் என்று காட்டினார். ஆகவே மறுபடி விழுந்தவனை "வெட்கங்கெட்டவன்" என்று திட்டாதீர்கள். திரும்பவும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசியாக இளைஞர்களிடம். உங்கள் அப்பாவோ தாத்தாவோ குடியால் கெட்டிருந்தால், சர்க்கரை நோய்க் குடும்பத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார்களே, அதேபோல் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோப்பையைத் தொடாமலே இருந்துவிடுவது உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் லாபம். ஏற்கெனவே தொட்டவர், "எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்று தோன்றினால் அன்றைக்கே சுதாரித்துக்கொள்ளுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் ரோஷப்பட்டு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். போதைமீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. செல்போனை எடுத்து இப்போதே பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.