மயிலும் மொயூரும்

சென்ற துர்க்கா பூசையின்போது காளிகாட்டுப் பந்தலொன்றில் என் மகள் கார்த்திகேயனின் ஊர்தியைச் சுட்டி, "மொயூர்!" என்றாள். (நம் முருகனை வங்கத்தார் மணமாகாதவனாகவே வைத்திருப்பது வேறு கதை.) "மயில் என்று சொல், அம்மா" எனக் கடிந்தேன். தமிழ் அவள் நாவினின்று நழுவுகிறதே என்னும் அச்சம் எனக்கு.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். மொயூர் என்பது 'மயூரம்' என்னும் வடசொல்லின் வங்க ஒலிப்பு. இருக்கு வேதத்திலேயே அச்சொல் உண்டு. ஆயினும், திராவிட மொழியினின்றே அது வடமொழி புகுந்தது என்பது மொழிநூலார் பலர் துணிபு. முண்டா மொழிகளைக் காட்டுவாரும் உளர். பரோ, எமனோ இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலும் மயில் இடம்பெற்றுள்ளது. 'தோகை' கடலே கடந்தது. சாலோமோன் மன்னனின் கலங்கள் கொணர்ந்த பறவைக்கு எபிரேய மறை வழங்கும் 'துக்கி' என்னும் பெயர் அதன் திரிபே என்றார் கால்டுவெல்.

காலையில் மகளிடம் இவற்றைச் சொன்னேன். "அப்படியானால் மொயூரும் நம் சொல்தானா, அப்பா?" என்றாள்.

"இருக்கலாம்" என்றேன்.

இப்போது தோழியரிடம் மொயூர் என்கிறாள். என்னிடம் மயில் என்கிறாள். நான் திருத்துவதில்லை.