அப்பாவுக்கு 70: ஒரு நாவல், ஒரு படம்

போன எபிசோடுல, நாவலைப் படமா எடுக்குறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல ஒண்ணு: “அம்மாவுக்கு 65 ஆகப்போகுது. என்ன கிஃப்ட் வாங்கலாம்?” ரெண்டுக்கும் சேர்த்து இன்னைக்கு ஒரே பதில்.

போன மாசம் எங்க அப்பாவுக்கு 70 முடிஞ்சது. பீமரத சாந்தி, திருக்கடையூர்னு சொந்தக்காரங்க ஆரம்பிச்சாங்க. “கூட்டம் வேண்டாம்டா”ன்னுட்டார். சட்டை வாங்கிக் கொடுத்தா பீரோவுக்குள்ள போயிடும். அவருக்குப் பிடிச்சது சினிமாவும் கதைப் புத்தகமும்தான். கண் பார்வை குறைஞ்சதுல, புத்தகம் மட்டும் ரெண்டு வருஷமா நின்னு போச்சு.

அதனால தினமும் ராத்திரி சாப்பிட்டதும் நானே படிச்சுக் காட்டினேன். உமாசந்திரனோட ‘முள்ளும் மலரும்’. 1966-ல கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில முதல் பரிசு வாங்கின கதை. பிறந்தநாள் அன்னைக்கு, படம். 1978 ஆகஸ்ட் 15-ல வந்த, மகேந்திரன் இயக்கின முதல் படம். பாலுமகேந்திரா கேமரா, இளையராஜா இசை. ரஜினியை ஸ்டைலுக்காக மட்டும் பார்த்தவங்க, இதைக் கட்டாயம் பாருங்க.

மகேந்திரன் நாவலை அப்படியே எடுக்கல. தனக்கு வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கிட்டார். அதனால படிக்கும்போது அப்பா அடிக்கடி நிறுத்துவார். “இரு, இரு. இது படத்துல இல்லையே?” தியேட்டர்ல அப்படி நிறுத்த முடியாது. படம் அதோட வேகத்துல போயிடும். படிச்சுக் காட்டும்போது கேட்கறவர்தான் வேகத்தை முடிவு பண்றார். அந்த இடைவெளியிலதான் பேச்சு வரும்.

படம் முடிஞ்சதும் அப்பா கொஞ்ச நேரம் பேசல. தங்கச்சி வள்ளிக்குப் பிடிச்ச இன்ஜினியரை, காளிக்குக் கடைசி வரைக்கும் பிடிக்காது. ஆனாலும் கட்டிக் கொடுக்கச் சம்மதிப்பான். அப்பா சொன்னார்: “முதல்ல பார்த்தப்ப எனக்கு 23 வயசு. காளி பண்றது எல்லாம் சரின்னு தோணுச்சு. உங்க அத்தைக்கும் ஒருத்தரைப் பிடிச்சிருந்தது. நான்தான் குறுக்க நின்னேன். காளி கடைசியில விட்டுக் கொடுத்தான். நான் கொடுக்கல.”

28 வருஷமா எனக்குத் தெரியாத விஷயம். அன்னைக்கு ராத்திரி அத்தைக்கு அவரே போன் போட்டார். என்ன பேசினாங்கன்னு நான் கேட்கல. அப்பாகிட்ட அனுமதி வாங்கிட்டுதான் இதை இங்க சொல்றேன்.

அதனால மெசேஜ் அனுப்பின தோழி, அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க: “என் வயசுல தியேட்டர்ல என்ன படம் பார்த்தே? அப்ப என்ன தொடர்கதை படிச்சே?” அந்தப் படத்தைச் சேர்ந்து பாருங்க. புத்தகம் கிடைச்சா தினம் பத்துப் பக்கம் படிச்சுக் காட்டுங்க. போனைத் தள்ளி வைங்க. அவங்க நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க. கேக் அப்புறம் வெட்டிக்கலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.