அஞ்சற் பெருக்கும் அலுவலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இளைஞருட் பலர் இன்று கணினியின் முன்னமர்ந்து உத்தியோகம் புரிகின்றனர். அவர்தம் காலத்தை அவரறியாமலே கவர்ந்து செல்வது யாதெனின், மின்னஞ்சற் குழுக்களே என்போம். 1986-ல் எரிக் தாமஸ் என்பார் லிஸ்ட்செர்வ் என்னும் நிரலை இயற்றியபின், இத்தகைய குழுக்களிற் சேர்தலும் விலகுதலும் பிறர் கைபடாமலே நடைபெறலாயின. சேர்வது எளிதாகவே, நம்மவர் கண்ட குழுவிலெல்லாம் சேர்ந்தனர், விலகுவாரைத்தான் காணோம்.

நாமறிந்த இளைஞர் ஒருவர்க்கு நேர்முகத் தேர்விற்கு அழைப்பு வந்தது. குழு மடல்களுக்கிடையே அது மூழ்கிக் கிடந்து, குறித்த நாள் கழிந்த பின்னரே கண்ணிற்பட்டது. ஓராண்டு காத்திருந்த அக்குடும்பத்தின் துயரத்தை யாம் நேரிற் கண்டோம். இதனைச் சிறிய விஷயமென்று எங்ஙனம் தள்ளுவது?

பரிகாரம் உண்டு. குழுவின் வழியே வரும் மடல்களிற் பெரும்பாலனவற்றின் தலைப்பகுதியில், லிஸ்ட்-ஐடி என்னும் அடையாளம் மறைந்து நிற்கும். 2001-ல் வகுக்கப்பெற்ற முறை அது. அவ்வடையாளத்தைக் கொண்டு வடிகட்டி ஒன்று அமைப்பின், குழு மடல்கள் தத்தமக்குரிய உறைகளில் தாமே சென்று அடங்கும். பொருள் வரியிலுள்ள சொற்களை நம்பி வடிகட்டுதல் நன்றன்று. சொல் மாறினால் மடல் தப்பும். நம் பெயர்க்கே நேராக வரும் மடலில் அவ்வடையாளம் இராதாகலின், அது முன்னறையிலேயே நிற்கும். உறைகளை நாடோறும் ஒருமுறை, அலுவல் முடிந்தபின் திறந்தாற் போதும். சில குழுக்கள் ஒருநாள் மடல்களைத் திரட்டி ஒரே தொகுப்பாகவும் அனுப்பும். அதனைக் கேட்டுப் பெறுக. ஒரு திங்களாகத் திறவாத உறையிருப்பின், அக்குழுவினின்று விலகுக. முன்பின் அறியாதார் அனுப்பும் மடலில் மட்டும் விலகற் சுட்டியைத் தொடவேண்டா. தொட்டால், முகவரி உயிரோடிருப்பதை அவர்க்கு நாமே அறிவித்தவராவோம்.

அனைவர்க்கும் விடையெழுதும் வழக்கமோ பெருந்தொல்லை. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் சோதனை மடலொன்று தவறிப்போய்ச் சுமார் 8,40,000 பேர்க்குச் சென்றது. பெற்றவருட் சிலர், ‘எம்மை நீக்குக’ என்று அனைவர்க்குமே விடுத்தனர். அஞ்சற் போக்குவரத்தே தளர்ந்தது. ‘நன்றி’ என்னும் ஒரு சொல்லை எல்லார்க்கும் அனுப்புவோர் நம்மிடையேயும் உளர், பெயர் கூறோம்.

நம் சங்கத்தின் குழுவிலும் காலை வணக்கங்களே மிகுதி. அதனை நாட்டொகுப்பாக மாற்றுமாறு அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொணர எண்ணியுள்ளோம். காரியதரிசி அவர்கள் அதனை நிகழ்ச்சி நிரலிற் சேர்த்துக்கொள்வாராக.