திரையில் பார்த்த துப்பாக்கி

(மறுசந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மெக்கானிக்கல் படிச்ச நீ துப்பாக்கியைப் பத்தியா பேசப்போறே?" என்று காலை டிபனின்போது ஒரு பேராசிரியர் கேட்டார். நிஜத் துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை, சார். நான் பேசப்போவது வீடியோ கேமில் வரும் துப்பாக்கியைப் பற்றி.

2005-இல் சேர்ந்து 2009-இல் வெளியே போன பேட்ச் எங்களுடையது. ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஓடாத அறை அபூர்வம். (வார்டன் சார் இங்கே உட்கார்ந்திருக்கிறார், அதனால் மணிக்கணக்கு இதோடு போதும்.) அந்த விளையாட்டில் துப்பாக்கி வாங்கும் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் புனைபெயர். 'சிவி-47' என்று இருந்தது உண்மையில் ஏகே-47. 'நைட் ஹாக்' என்பது டெசர்ட் ஈகிள். 'கேஎம் சப்-மெஷின் கன்' என்பது ஜெர்மன்காரர்களின் எம்பி5. எது எதன் வேஷம் என்று கண்டுபிடிப்பதில் எனக்கும் ரூம்மேட்டுக்கும் போட்டி. தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும்.

பெயர் தெரிந்தபின் தப்புகள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஏகேயில் போல்ட்டை இழுக்கும் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும், காலித் தோட்டாவும் அந்தப் பக்கம்தான் விழும். விளையாட்டில் இரண்டும் இடப்பக்கம், கண்ணாடியில் பார்த்த மாதிரி! க்ளாக் 18 என்ற கைத்துப்பாக்கி விளையாட்டில் மூன்று மூன்றாகச் சுடும். நிஜ க்ளாக் 18-இல் அந்த வசதியே கிடையாது. ஒன்றொன்றாகச் சுடலாம், அல்லது விசையை விடும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் 'ஏடபிள்யூபி' என்று கொண்டாடிய பச்சை நிற ஸ்னைப்பர் இன்னும் வேடிக்கை. பிரிட்டனின் ஏடபிள்யூபி 7.62 மி.மீ. தோட்டா போடும் போலீஸ் ரகம். விளையாட்டில் அதற்குக் கொடுத்திருப்பதோ .338 லாப்புவா தோட்டா. அதாவது உருவமும் தோட்டாவும் அதன் அண்ணனான ஏடபிள்யூஎம்முடையது, பெயர் மட்டும் தம்பியுடையது.

பல விளையாட்டுகளில் 'ஏகே-47' என்று எழுதியிருப்பது உண்மையில் 1959-இல் வந்த ஏகேஎம். பழைய ஏகேயின் உடல் இரும்புக் கட்டியைக் கடைந்து செய்தது. மேகசின் சொருகும் இடத்துக்கு மேலே நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். ஏகேஎம்மின் உடல் தகட்டை அழுத்திச் செய்தது, அங்கே சின்னக் குழிதான். குழாயின் முனையும் சாய்வாக வெட்டியது போல இருக்கும். மில்லிங்குக்கும் ஸ்டாம்பிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று வொர்க்‌ஷாப்பில் ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள், ஏறவில்லை. இந்தக் குழியைப் பார்த்து ஒரே ராத்திரியில் ஏறியது. பிழைப்பு இன்றைக்கும் தகட்டு டையில்தான் ஓடுகிறது.

ஏன் புனைபெயர் என்று கேட்பீர்கள். பெயரும் முத்திரையும் கம்பெனிகளின் சொத்து. சில விளையாட்டுக்காரர்கள் உரிமம் வாங்கினார்கள். 2013-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், துப்பாக்கிக் கம்பெனிகளோடு இனி உரிமம் வேண்டாம், ஆனால் துப்பாக்கிகள் விளையாட்டில் வரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டது. 1997-இல் வந்த கோல்டன்ஐ விளையாட்டில் செக் நாட்டு ஸ்கார்ப்பியனுக்கு 'க்ளாப்' என்று பெயர். நின்டெண்டோவில் வேலை பார்த்த கென் லாப் என்பவரின் பெயரைச் சுருக்கி வைத்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் துப்பாக்கிப் பாதுகாவலர் ஜோனதன் ஃபெர்குசன், விளையாட்டுகளைப் பார்த்து இது இன்ன துப்பாக்கி, இது தப்பு என்று சொல்லும் படங்களே பிரபலம். எனக்குப் பொறாமையான உத்தியோகம்.

இனி, நான் சொல்லத் தயங்கிய விஷயம். 2025 மே மாதம், எல்லையில் சண்டை நடந்த அந்த நாட்கள். எங்கள் பேட்ச் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. காஷ்மீரில் நம் கமாண்டோக்கள் சுற்றி வளைக்கப்பட்டுச் சாகிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. எங்களோடு படித்த ஒருவனின் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். "டேய், நீதான் துப்பாக்கி நிபுணனாச்சே, இது நிஜமா?" என்று கேட்டான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிடிக்குப் பின்னால் மேகசின், இஸ்ரேலின் டேவார். நம் சிறப்புப் படையினர் டேவார் வைத்திருப்பது எல்லாரும் அறிந்தது. "டேவார்தான்டா, நிஜம் மாதிரிதான் இருக்கு" என்று எழுதிவிட்டேன். அதை அவன் அம்மாவும் படித்தார். பையனின் போன் இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு குழுவிலிருந்த ஜூனியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, காஷ்மீர்னு போட்டிருக்கே, பின்னால கடல் தெரியுதே?"

திரும்பப் பார்த்தேன். கடல்தான். காய்ந்த புல், வெள்ளைக் கல்வீடுகள். 2013-இல் வந்த ஆர்மா 3 விளையாட்டின் ஆல்ட்டிஸ் தீவு. கிரீஸ் நாட்டு லெம்னோஸ் தீவைப் பார்த்து வரைந்தது. அதில் டேவாரின் வேஷத்துக்கு 'டிஆர்ஜி-21' என்று பெயர். டேவார் என்று நான் கண்டுபிடித்தது சரிதான். விளையாட்டுக்காரர்கள் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்கள், அதுதான் வினை. இந்த விளையாட்டின் காட்சிகளை நிஜப் போர் என்று பரப்புகிறார்கள் என்று அதைத் தயாரித்த செக் கம்பெனி போஹீமியா இன்டராக்டிவ் 2022 நவம்பரிலேயே எச்சரித்திருந்தது. அதைப் படித்தவன்தான் நான்.

உடனே நண்பனுக்குப் போன் செய்தேன். போனை அம்மாதான் எடுத்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்ப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மறுநாள் சாயங்காலம் தம்பி பேசிவிட்டான். பின்னால் லீவில் வந்தபோது நேரில் போய்ப் பார்த்தேன். வீடியோவைக் காட்டினேன். சிரித்தான். "அண்ணா, நான் சிக்னல்ஸ். எனக்குக் கொடுத்திருக்கிறது இன்சாஸ். டேவாரை நானே கேம்லதான் பார்த்திருக்கேன்" என்றான்.