டப்பாவும் அடுப்படியும்
(மருத்துவமனை நண்பர்கள் கூட்டத்தில் போதகர் ஆற்றிய உரை)



இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, எடை கூடுகிறது. ஸ்கேன் எடுத்தால் 'சினைப்பை நீர்க்கட்டி' என்கிறார்கள். கட்டி என்றதும் தாயார் பதறிப்போகிறார்கள். அவை உண்மையில் கட்டிகள் அல்ல. முழுவளர்ச்சி பெறாமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

பலருக்கு இதன் அடியில் இருப்பது இன்சுலின் கோளாறு. உடல் இன்சுலினுக்குச் செவிகொடுக்காததால் கணையம் அதை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த மிகுதி, சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. உணவுக்கு இங்கேதான் வேலை.

இன்று குடலைச் சீராக்கும் நற்கிருமிகள் என்று பவுடரும் மாத்திரையும் டப்பா டப்பாவாக விற்கிறார்கள். அவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நடந்தவை. இனோசிட்டால் என்ற பொருளுக்கும் நிரூபணமான பலன் குறைவே என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. கூலி வேலை செய்யும் தகப்பனார் கடன் வாங்கி டப்பா வாங்குவதும், அதை நம்பி டாக்டர் எழுதிய மெட்ஃபார்மினை நிறுத்துவதும் வேண்டாம்.

குடலுக்கு வேண்டிய நார்ச்சத்து நம் அடுப்படியில் இருக்கிறது. முளைகட்டிய பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், கீரை, அவரைக்காய் ஆகியவற்றைச் சேருங்கள். உறையூற்றிய தயிரும் மோரும் நல்லவை. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். கேழ்வரகுக் கஞ்சி நல்லதென்று அதில் வெல்லத்தைக் கொட்டினால் பயன் போய்விடும். தினமும் நடக்கட்டும். 70 கிலோ உள்ள பெண் 4, 5 கிலோ குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்புண்டு. ஒல்லியான பெண்களுக்கும் இது வருவதால், எல்லாரையும் பட்டினி போடாதீர்கள்.

மூன்று மாதத்திற்கு மேல் விலக்கு வராவிட்டால் டாக்டரிடம் அழைத்துவாருங்கள். கருப்பையின் உட்சவ்வு தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கு வழியாகக்கூடும். சிகிச்சை பெற்றுத் தாயானவர்கள் அநேகர்.

அன்னாளை விசனப்படுத்தியவள் அதே வீட்டில்தான் இருந்தாள். மலடி என்ற சொல் நம் வீடுகளில் எழவேண்டாம். அந்தப் பெண்ணுக்கென்று தனிச்சமையலும் வேண்டாம். அவள் சாப்பிடுவதையே வீடு முழுவதும் சாப்பிடட்டும். எல்லாருக்கும் அது நல்லதே.