விற்பனைக்கு வந்த வாக்கு

(சம்பூரில் ஆற்றிய உரை)



காசு பெற்றுக்கொண்டு குறி சொல்வது மெய்தானா, முறைதானா என்பது பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அரசியல் பேசும் மேடையில் இஃதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் யாரைக் கேட்பது, அவளுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் யார் என்பதே இக்கேள்வியின் உட்கிடை. ஆகவே இது முற்றிலும் அரசியலே.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். பத்திரகாளி அம்மன் சந்நிதியிலே கண்ணீர் மல்க நேர்த்தி வைப்பவரைக் குறை கூற நாம் வரவில்லை. சடங்குக் காலத்தில் உருவேறியவர், காசு கேளாமல் திருநீறு தந்து, “அஞ்சாதே” என்று கூறும் சொல்லையும் சந்தைச் சரக்கோடு சேர்த்து எண்ணவில்லை. வெற்றிலையில் மை தடவியும், சோழி உருட்டியும், இக்காலத்தில் கைத்தொலைபேசி வழியாகவும், “உன் பிள்ளை இருக்குமிடம் எனக்குத் தெரிகிறது” என்று சொல்லிக் கூலி பெறும் வாணிகத்தைப் பற்றியே பேசுகிறோம். பக்திக்கு அளவுகோல் இல்லை. ஆனால் விலை குறித்து விற்கப்படும் பொருளுக்குத் தரம் கேட்பது வாங்குவோரின் உரிமை.

விதை நெல் வாங்கும் உழவன் என்ன செய்கிறான்? நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் பொதிந்து, எத்தனை முளைத்தன என்று பார்த்த பின்னரே வயலில் இறங்குகிறான். மருந்து விற்பவனுக்குச் சட்டம் அனுமதிப் பத்திரம் கேட்கிறது. ஒரு புசல் நெல்லுக்கு உள்ள சோதனை, பெற்ற பிள்ளையின் உயிரைப் பற்றிய வாக்குக்கு வேண்டாமா?

அந்தச் சோதனை நம் நாட்டிலேயே வைக்கப்பட்டது. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் அவர்கள், 1963 ஆம் ஆண்டு ஓர் அறைகூவல் விடுத்தார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புத ஆற்றலை மெய்ப்பிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா பரிசு என்றார். அவர் கேட்டவற்றுள் ஒன்று, முத்திரையிட்ட உறையினுள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்துக் காட்டுவது. 1978 ஆம் ஆண்டு அவர் மறையும் வரை அப்பரிசைப் பெற்றவர் ஒருவருமில்லர். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்னும் செப்படிவித்தைக் கலைஞர் 1964 இல் ஆயிரம் டொலரோடு தொடங்கிய பரிசு, பின்னர் பத்து இலட்சம் டொலராக உயர்ந்தது. 2015 வரை அதனை வென்றவரும் இலர். கைக்கெட்டும் தூரத்து உறைக்குள் இருக்கும் எண்ணைக் காணாத கண், எங்கோ இருக்கும் இரகசிய முகாமுக்குள் இருப்பவனைக் காண்கிறது என்றால் எங்ஙனம் நம்புவது?

“எனக்குச் சொன்னது அப்படியே பலித்ததே” என்பீர்கள். 1948 ஆம் ஆண்டு பேட்ரம் ஃபோரர் என்னும் உளவியலாளர் தம் மாணவர் 39 பேரிடம், “இஃது உனக்கே உரிய குணவிளக்கம்” என்று கூறி ஒவ்வொரு தாள் கொடுத்தார். எத்துணை பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரியாக 4.26 கிடைத்தது. உண்மையிலோ, எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே வாசகம்! கடைத்தெருச் சோதிட நூலொன்றிலிருந்து அதனை எடுத்திருந்தார். நம் குறிகாரரின் வித்தையும் இதுவே. கொட்டியாரக் குடாவின் கரையில் வாழும் மக்களிடம் “தண்ணீரால் ஒரு கண்டம்” என்றால் அது எந்த வீட்டுக்குப் பொருந்தாது? போர் நடந்த மண்ணிலே “தெற்குத் திசையில், அடைபட்ட இடத்தில் இருக்கிறான்” என்றால் எந்தத் தாயின் நெஞ்சு பதறாது? மிகுதியை அவளே சொல்லி விடுகிறாள். அவள் வாயிலிருந்து வந்ததையே மாற்றிச் சொல்லி அவளிடமே விற்கிறார்கள். பலித்தது நினைவில் நிற்கிறது. பொய்த்தது மறந்து போகிறது.

“நானும் நம்பித்தான் சொல்கிறேன்” என்பார் சிலர். இருக்கலாம், எல்லோரும் எத்தரல்லர். ஆயினும் நம்பிக்கை வேறு, அறிவு வேறு. சோதித்து அறியாததை அறிந்ததாக விற்பவன், மனமறிந்து பொய் சொல்லாவிடினும், பிறர் துயரைப் பணயம் வைக்கிறான்.

“ஆறுதலாவது கிடைக்கிறதே” என்பார் வேறு சிலர். உண்மையான ஆறுதல் ஒருவரை எழுந்து நடக்கச் செய்யும். இந்த ஆறுதலோ மூன்று மாதத் தவணையில் மீண்டும் மீண்டும் வாங்கப்பட வேண்டியது. “உயிரோடிருக்கிறான், தடையொன்றைக் கழிக்க வேண்டும்” என்ற ஒரு சொல்லுக்காகத் தாலிக்கொடி அடகு போகிறது; கன்றுத்தாய்ப் பசு விலையாகிறது. “இறந்து விட்டான்” என்று சொன்னாலோ, சான்றில்லாத அச்சொல்லை நம்பித் தேடுவதையே ஒரு குடும்பம் கைவிட்டு விடக்கூடும். இரண்டில் எது பொய்த்தாலும் கூலி திரும்பி வருவதில்லை.

இதனால் நன்மை பெறுவோர் இருவர். ஒருவர் குறிகாரர், மற்றவர் அரசாங்கம். பிடித்துச் சென்றவர் யார், கையேற்றவர் யார், எங்கே வைத்தார் என்பதற்கு மறுமொழி கூற வேண்டியது அரசாங்கம். அந்தக் கேள்வி மை தடவிய வெற்றிலையின் முன்னே கேட்கப்படும் வரை ஆட்சியாளருக்குக் கவலையில்லை. 1990 முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் காணாமற்போனோர் என்று பதியப்பட்டவர்கள் 16,000 பேருக்கு மேல் என அக்குழு 2016 இல் அறிவித்தது. அத்தனை குடும்பங்களின் கேள்விக்கும் சோழியா விடை?

ஆட்சியாளரின் நடத்தையையும் பாருங்கள்! வெற்றி உறுதி என்று சோதிடர் சொல்ல, பதவிக்காலம் இரண்டாண்டு எஞ்சியிருக்கையிலேயே 2015 ஜனவரி 8 இல் தேர்தல் நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ தோற்றார். ஆட்சிக்குக் கேடு கூறிய ஒரு சோதிடர் 2009 இலும், ஜனாதிபதியின் மரணத்துக்கு நாள் குறித்த ஒருவர் 2017 இலும் கைது செய்யப்பட்டனர். குறித்த நாள் வந்தது, ஜனாதிபதி உயிரோடிருந்தார். சொன்ன சொல்லுக்காக ஒருவரைச் சிறையிடுவதை நாம் ஏற்கவில்லை. ஆயினும் ஆசனத்துக்கு எதிராகச் சொன்னால் ஓடி வரும் சட்டம், ஏழைத் தாயின் மடிக்காசு பறிபோகையில் உறங்குவதேன்? வஞ்சித்துப் பொருள் பெறுவது குற்றமென்று தண்டனைச் சட்டக் கோவையின் 398 ஆம் பிரிவு முதலாக எழுதித்தானே இருக்கிறது!

நம் ஊரின் கதையே நமக்குப் பாடம். 2006 ஏப்ரலில் குண்டு வீச்சுக்கு அஞ்சி ஓடிய சம்பூர் மக்கள், கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் ஆண்டுக் கணக்காக வாடினர். காணி எப்போது கிடைக்கும் என்பதை எந்த மையும் சரியாகக் காட்டவில்லை. உறுதிகளைப் பேணி வைத்தார்கள், மனு எழுதினார்கள், வழக்காடினார்கள், தெருவில் நின்றார்கள். 2015 மே மாதத்தில் 818 ஏக்கர் பற்றிய வர்த்தமானி அறிவித்தல் நீக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியும் விடுவிக்கப்பட்டது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதால் வந்த பயன் அது.

பிள்ளைகளைப் பற்றிய கேள்வியையும் அவ்விடத்திலேயே கேட்போம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைந்தது. அதன் மீது நம் மக்களுக்கு நம்பிக்கை பிறக்காததற்குக் காரணம் உண்டு. அதனாலன்றோ 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் அமர்ந்தார்கள்! அவர்கள் கைகளில் இருந்தவை பிள்ளைகளின் படங்கள். அவர்கள் கேட்டது அரசாங்கத்தின் பதில்.

கற்றவர்களே, தனியே கண்ணீர் வடிக்கும் தாயை ஏளனம் செய்யாதீர்கள். அவளோடு அமர்ந்து நாள், இடம், கண்ட சாட்சி அனைத்தையும் எழுதிக் கொடுங்கள். உழவர்களே, ஊருக்குள் குறிகாரர் வந்தால், உறையிலிட்ட நாணயத்தாள் ஒன்றை முன்னே வையுங்கள். இலக்கத்தைச் சொல்லட்டும், பிறகு பிள்ளையைப் பற்றிப் பேசட்டும். தாய்மார்களே, அம்மனிடம் அழுவதற்குக் காசு வேண்டாம். அரசாங்கத்திடம் கேட்பதற்கும் காசு வேண்டாம். அதற்கு நாம் எல்லோரும் உங்களோடு வர வேண்டும். வருவோம்.